வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவானால் நமக்கு மழையா, வெயிலா?

அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், ‘தென்கிழக்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியுள்ளது’ என்ற செய்தி அடிக்கடி காதில் விழும். நாளைக்கு லீவா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நடவு முடித்தவர் வடிகாலைப் பார்க்கக் கிளம்புவார். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும். ஆனால் எது தாழ்கிறது, எவ்வளவு தாழ்கிறது, அது ஏன் ஒரு தடவை ஊரையே மூழ்கடித்துவிட்டு இன்னொரு தடவை ஒரு தூறல்கூடப் போடாமல் போகிறது என்பதை யாரும் நிதானமாக உட்கார்ந்து சொல்வதில்லை. விஷயம் அப்படி ஒன்றும் கடினமானதல்ல. நாலைந்து அடிப்படைகள் பிடிபட்டால் வானிலை அறிக்கையை நாமே அர்த்தத்தோடு கேட்கலாம்.

முதலில், காற்றுக்கு எடை உண்டு. கடல் மட்டத்தில் ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே, வளிமண்டலத்தின் உச்சிவரை நிற்கும் காற்றின் எடை ஏறக்குறைய 10 டன். அந்த எடை கொடுக்கும் அழுத்தத்தை ஹெக்டோபாஸ்கல் என்ற அலகில் சொல்கிறார்கள். மில்லிபார் என்று சொன்னாலும் அதே எண்தான். கடல் மட்டத்தில் உலக சராசரி சுமார் 1013. ஓரிடத்தில் இந்த எண் சுற்றுவட்டாரத்தைவிடக் குறைந்திருந்தால் அது தாழ்வு, கூடியிருந்தால் உயர்வு. 1008 தாழ்வா, உயர்வா என்று தனியாகக் கேட்டால் பதில் கிடையாது. பக்கத்தில் 1012 இருந்தால் அது தாழ்வு. பக்கத்தில் 1004 இருந்தால் அதே 1008 உயர்வு.

இந்த வித்தியாசம் எவ்வளவு சின்னது என்பதுதான் என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. நடுவில் 1005, சுற்றிலும் 1009 என்று இருந்தாலே வங்கக் கடலில் ஒரு தாழ்வுப் பகுதி கிடைத்துவிடும். அரை சதவீதம்கூட இல்லாத அந்த வேறுபாடு பல மாவட்டங்களின் ஒரு வார வானிலையைத் தீர்மானித்துவிடுகிறது. உலகத்தில் இதுவரை கடல் மட்டத்தில் அளந்ததிலேயே மிகக் குறைவு 870. அது 1979 அக்டோபரில் பசிபிக் கடலில் டிப் என்ற சூறாவளியின் மையத்தில் பதிவானது. எதிர்முனையில், 1968 டிசம்பர் 31 அன்று சைபீரியாவின் அகாத்தா என்ற இடத்தில் 1083-ஐயும் தாண்டியது. உலகத்து வானிலை ஏறக்குறைய முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு இடையே நடந்து முடிந்துவிடுகிறது.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. மேலே போகப் போக, தலைக்கு மேல் இருக்கும் காற்று குறையும், அழுத்தமும் குறையும். கடல் மட்டத்துக்கு அருகில் ஒவ்வொரு 8 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் குறைகிறது. அதனால் பெங்களூரில் கருவி 910-ஐ ஒட்டியும் ஊட்டியில் 780-ஐ ஒட்டியும் காட்டினால், அங்கே புயல் என்று அர்த்தமில்லை. உயரத்தால் வரும் குறைவைக் கணக்குப் போட்டுச் சரிசெய்து, எல்லா ஊரும் கடல் மட்டத்தில் இருப்பதுபோல வைத்துத்தான் வானிலை வரைபடம் போடுகிறார்கள்.

தாழ்வில் காற்று ஏறுகிறது

சரி, தாழ்வு வந்தால் ஏன் மழை? அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றிலுமிருந்து காற்று வரும். நாலா பக்கமும் வந்து குவிந்த காற்றுக்குக் கீழே போக வழியில்லை, கடலோ தரையோ தடுக்கிறது. மேலேதான் போயாக வேண்டும். மேலே அழுத்தம் குறைவு என்பதால் ஏறும் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. மேகம் கட்டாத காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 டிகிரி குளிர்ந்துவிடும். ஒரு கட்டத்துக்கு மேல் அதிலுள்ள நீராவி ஆவியாகவே இருக்க முடியாமல் துளியாகிறது. அதுதான் மேகம்.

இதோடு முடிந்திருந்தால் தாழ்வு வந்த வேகத்தில் கலைந்துபோயிருக்கும். நீராவி துளியாகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. கடலிலிருந்து ஆவியாகக் கிளம்பியபோது எடுத்துக்கொண்ட அதே வெப்பம். ஒரு கிலோ நீராவிக்குச் சுமார் 25 லட்சம் ஜூல். அந்தச் சூட்டில் காற்று இன்னும் வேகமாக ஏறுகிறது, கீழே இன்னும் கூடுதலான ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வெதுவெதுப்பான கடல் ஏன் தாழ்வுக்குத் தீனி போடுகிறது என்பதற்கு இதுதான் காரணம். புயல் வளர, கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்பார்கள். அக்டோபர், நவம்பரில் வங்கக் கடல் பெரும்பாலும் அதற்கும் மேலேயே இருக்கும்.

இப்போது ஒரு நியாயமான சந்தேகம் வரும். காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தால், குறைந்த அழுத்தம் சீக்கிரமே சரியாகிவிட வேண்டாமா? ஆமாம், மேலே வெளியேறுவது குறைவாக இருந்தால் அப்படித்தான் ஆகும். 12, 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்று சுற்றிலும் விரிந்து வெளியேற வேண்டும். கீழே வருவதைவிட மேலே போவது அதிகமாக இருக்கும்வரைதான் அழுத்தம் குறைந்துகொண்டே போகும். மேலடுக்கில் காற்று வேறு திசையில் பலமாக அடித்தால் மேகக் கூட்டம் மையத்தைவிட்டு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டுவிடும். வடக்கிலிருந்து வறண்ட காற்று உள்ளே புகுந்தால் மேகமே வற்றிவிடும். டிசம்பரில் ‘புயல் வருது’ என்று கிளம்பிய பல தாழ்வுகள் கரைக்கு வருவதற்குள் கரைந்துபோவது இந்த இரண்டில் ஒன்றால்தான். கணித்தவர்களை உடனே குறை சொல்லிவிடுகிறோம். கடலுக்கு மேலே 10 கிலோமீட்டர் உயரத்தில் நாளை மறுநாள் என்ன காற்று அடிக்கும் என்பதையும் சேர்த்துத்தான் அவர்கள் கணிக்க வேண்டியிருக்கிறது.

சுற்றுவது எதனால்? பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் நகரும் காற்று தன் வலப்பக்கமாக விலகும். தாழ்வை நோக்கி எல்லாப் பக்கமிருந்தும் வரும் காற்று இப்படி விலகும்போது, மையத்தைச் சுற்றிக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு சுழற்சி ஏற்படுகிறது. தென் அரைக்கோளத்தில் இதற்கு நேர்மாறு. நிலநடுக்கோட்டை ஒட்டி இந்த விலக்கம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுவதால் அங்கே புயல் உருவாவது அபூர்வம். ஆனாலும் 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் சிங்கப்பூரை ஒட்டி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரை டிகிரிக்குள்ளேயே உருவாகி ஜோகூரில் கரையைக் கடந்தது.

உயர்வில் காற்று இறங்குகிறது

உயர் அழுத்தத்தில் எல்லாமே தலைகீழ். மேலிருந்து காற்று மெதுவாக இறங்கி, தரையை ஒட்டி வெளியே பரவுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதேபோல, இறங்கும் காற்றும் அழுத்தப்படுவதால் சூடாகிறது. சூடாகும் காற்றில் இருக்கிற மேகத்துளியும் ஆவியாகிவிடும். அதனால் வானம் பளிச்சென்று இருக்கும். உலகின் பெரிய பாலைவனங்களான சஹாராவும் அரேபியாவும் இப்படிக் காற்று நிரந்தரமாக இறங்கும் பட்டையில்தான் கிடக்கின்றன.

வானம் தெளிவாக இருந்தால் பகலில் வெயில், இரவில் குளிர். தரையின் வெப்பத்தைத் தடுத்து வைக்க மேகம் இல்லாததால், விடிவதற்குள் அது வெளியேறிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை விடைபெற்ற பிறகு, ஜனவரியில் ஊட்டியின் தலைக்குந்தா பக்கம் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடப்பது இப்படிப்பட்ட இரவுகளில்தான். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே இளம்சூடான காற்று மூடிபோட்டதுபோல நிற்கும். கீழே இருக்கும் புகை மேலே போகாது, காற்றும் அசையாது. போகிப் பண்டிகை அதிகாலையில் சென்னையில் பழைய பாயும் டயரும் எரிந்த புகை பனியோடு கலந்து, விமானங்கள் இறங்க முடியாமல் தவிப்பதற்குக் காரணம் இதுதான். கொளுத்துவதை மழை மாதத்துக் காற்றில் கொளுத்தினால் இவ்வளவு தங்காது. ஜனவரிக் காற்று புகையைத் தரையோடு தரையாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

நம் பருவமழையே ஓர் உயர்வுக்கும் ஒரு தாழ்வுக்கும் இடையில் நடப்பதுதான். ஜூன் வாக்கில் தென் இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளுக்குத் தெற்கே ஒரு பெரிய உயர் அழுத்தம் நிற்கும். வடமேற்கு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நிலம் சுட்டெரித்து அழுத்தம் குறைந்து கிடக்கும். முன்னதிலிருந்து பின்னதை நோக்கிக் கடலைக் கடந்து வருவதுதான் தென்மேற்குப் பருவக்காற்று. குளிர்காலம் நெருங்கும்போது இது புரண்டுவிடும். ஆசியாவின் உட்பகுதி குளிர்ந்து, அழுத்தம் அங்கே உயர்ந்துவிடுகிறது. தெற்கே கடலில் அழுத்தம் குறைவு. வடகிழக்கிலிருந்து புறப்படும் வறண்ட காற்று வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாங்கிக்கொண்டு நம் கரைக்கு வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இப்படித்தான் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்கிறது.

இதில் ஒரு முரண் கண்ணில் பட்டிருக்கும். வடமேற்கே அவ்வளவு ஆழமான தாழ்வு இருந்தும், சிந்துவிலும் தார் பாலைவனத்திலும் மழை ஏன் கொட்டுவதில்லை? அங்கே தாழ்வு உருவானது வெறும் சூட்டினால். ஏறும் காற்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் போவதற்குள், மேலே இறங்கிக்கொண்டிருக்கும் வறண்ட காற்று அதை அமுக்கிவிடுகிறது. தாழ்வு என்றாலே மழை என்று மனப்பாடம் செய்துவைத்திருப்பவர்கள் இந்த இடத்தை மறக்கக் கூடாது. காற்று ஏற வேண்டும், உயரமாக ஏற வேண்டும், ஏறும் காற்றில் ஈரமும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் மழை.

புயல் என்ற பட்டம் காற்றுக்கு, மழைக்கு அல்ல

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் இந்தப் பகுதி நிற்கட்டும். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்று படிப்படியாகச் சொல்கிறார்களே, அந்தப் படிகளை இந்திய வானிலை ஆய்வுத் துறை காற்றின் வேகத்தை வைத்துப் பிரித்திருக்கிறது. மையத்தைச் சுற்றி மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் தாழ்வுப் பகுதி. அதைத் தாண்டினால் தாழ்வு மண்டலம். 50-ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ல் புயல், 89-ல் தீவிரப் புயல், 118-ல் மிகத் தீவிரப் புயல், அப்படியே போய் 222-ஐத் தொட்டால் சூப்பர் புயல். இந்தக் கணக்கில் மழைக்கு இடமே இல்லை.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ‘புயல்’ என்றால் பயப்படுகிறோம், ‘வெறும் தாழ்வுப் பகுதிதான்’ என்றால் நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். 2015 டிசம்பர் 1 அன்று சென்னையை மூழ்கடித்தது புயல் இல்லை. அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பெய்தது. பெயர் வைக்கும் அளவுக்குக்கூட அந்தத் தாழ்வு வளரவில்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அது இன்னும் கீழே. குமரிக் கடலை ஒட்டி இருந்தது ஒரு வளிமண்டலச் சுழற்சி மட்டும்தான், ஏணியின் முதல் படியில்கூட அது கால் வைக்கவில்லை. தாமிரபரணி கரை புரண்டது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது.

இதற்கு எதிர்ப்பக்கம், 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்த கஜா. அது செய்த அழிவில் பெரும்பங்கு காற்றால். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தலைமுறையாக வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்தன.

அப்படியானால் மழையைத் தீர்மானிப்பது எது? நகரும் வேகம் பெரிய பங்கு வகிக்கிறது. ஓடிப்போகும் புயல் ஒரு ஊர்மேல் சில மணி நேரம்தான் கொட்ட முடியும், நின்றுவிட்டால் கொட்டிக்கொண்டே இருக்கும். 2023-ல் மிக்ஜாம் சென்னையில் கரை கடக்கவே இல்லை. டிசம்பர் 5 அன்று ஆந்திராவின் பாபட்லா அருகேதான் கடந்தது. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாள் சென்னைக் கரையை ஒட்டி மெள்ள மெள்ள ஊர்ந்ததில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீருக்குள் போயின. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் ஏணியில் ‘புயல்’ என்ற படியைத் தாண்டாதது. கரையைத் தொட்ட பிறகு மணிக்கணக்கில் அதே இடத்தில் நின்றது. மறுநாள் காலைக்குள் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர், மயிலத்தில் 51. வலுவிழந்து உள்ளே நகர்ந்த பிறகும் விடவில்லை, கடலைப் பார்த்தே இராத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் அடுத்த நாள் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ‘புயல் வலுவிழந்தது’ என்ற செய்தி காற்றுக்கு மட்டும்தான் உறுதி சொல்கிறது.

நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?

இன்னொரு பங்கு, நம் ஊர் மையத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு. சுழற்சி கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் என்றோம் அல்லவா? கிழக்கேயிருந்து நம் கரைக்கு ஒரு தாழ்வு வருகிறது என்றால், அதன் வடக்குப் பக்கத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், ஈரத்தோடு. தெற்குப் பக்கத்தில் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும், வறண்டு. அதனால் நாகப்பட்டினத்தில் கரை கடக்கும் ஒரு புயலுக்கு, தொலைவில் இருந்தாலும் கடலூருக்கும் சென்னைக்கும் மழை கிடைக்கலாம். அதே தூரத்தில் தெற்கே இருக்கும் ஊரில் வெறும் மூட்டம் மட்டும் போட்டுவிட்டுப் போகலாம். கடல் உள்ளே ஏறும் ஆபத்தும் வடக்குப் பக்கத்துக்குத்தான் அதிகம்.

மே மாதப் புயல்கள் சென்னைக்கு வெயிலைக் கொண்டுவருவதும் இதனால்தான். புயல் ஒடிசா பக்கம் ஏறும்போது நாம் அதற்குத் தென்மேற்கே இருக்கிறோம். மேற்கிலிருந்து, சூடேறிய நிலத்தின் மேல் ஓடிவரும் காற்று நமக்கு வாய்க்கிறது. மாலையில் வரவேண்டிய கடற்காற்றையும் அது தடுத்துவிடும். 2019 மே 3-ல் ஃபானி பூரி அருகே கரை கடந்தபோது, மழையை எதிர்பார்த்துக் காத்திருந்த தமிழ்நாட்டுக்கு மிஞ்சியது வெயில்தான்.

மையம் எங்கே இருக்கிறது என்று கருவி இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 1857-ல் டச்சு வானிலை அறிஞர் பைஸ் பாலட் சொன்னது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடது கையை நீட்டுங்கள். வட அரைக்கோளத்தில் தாழ்வு அந்தப் பக்கம்தான் இருக்கும், தரையின் உராய்வால் கை காட்டும் திசைக்குச் சற்று முன்னால். கட்டடங்களுக்கு இடையில் காற்று திசை மாறும் என்பதால் மொட்டை மாடியில் அல்லது திறந்த வெளியில் பார்ப்பது நல்லது, அதுவும் காற்று ஆபத்தில்லாத அளவில் இருக்கும்போது மட்டும். சென்னையில் காற்று வடகிழக்கிலிருந்து அடித்தால் கை தென்கிழக்கைக் காட்டும், தாழ்வு அங்கே கடலில் இருக்கிறது. காற்று வடக்குக்கு மாறினால் தாழ்வு நேர் கிழக்கே வந்துவிட்டது. வடமேற்குக்குத் திரும்பினால் அது வடக்கே ஆந்திரா பக்கம் நழுவுகிறது. காற்று கிழக்கு, தென்கிழக்கு என்று மாறினால் அது நமக்குத் தெற்கே கரையேறிவிட்டது.

மையமே தலைக்கு மேல் வந்தால் என்ன ஆகும் என்பதை 2016 டிசம்பர் 12 பிற்பகலில் சென்னை பார்த்தது. வர்தா கரையேறியபோது முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று மரங்களைப் பிய்த்தது, பிறகு சட்டென்று அடங்கியது. கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அதே மூர்க்கத்தோடு தொடங்கியது. அந்த நடு அமைதியில் புயல் ஓய்ந்தது என்று நினைத்துத் தெருவுக்கு வரவே கூடாது.

அப்புறம், இப்போது பல ஸ்மார்ட்ஃபோன்களில் காற்றழுத்தம் அளக்கும் உணரி இருக்கிறது. அந்த எண்ணைக் காட்டும் செயலிகளும் நிறைய. பார்க்கத் தொடங்கும் எல்லோரும் முதல் நாளே ஒரு விஷயத்தில் மிரள்வார்கள்: காலை 10 மணிக்கு 1012 இருந்தது, மாலை 4 மணிக்கு 1008 ஆகிவிட்டது, புயல் வருகிறதோ என்று. வராது. நம்மைப் போன்ற வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை, இரவு 10 மணி வாக்கில் உச்சம், விடிகாலை, மாலை 4 மணி வாக்கில் இறக்கம். 3, 4 ஹெக்டோபாஸ்கல் போய்வருவது சாதாரணம். அதனால் இன்றைய 10 மணியை நேற்றைய 10 மணியோடு மட்டும் ஒப்பிடுங்கள், ஒரே மாடியில் வைத்து. அப்படிப் பார்த்தும் 3, 4 குறைந்திருக்கிறது, காற்றும் வடகிழக்கிலிருந்து வடக்கு நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது என்றால், கிழக்கே ஒன்று நெருங்குகிறது. அன்றைக்கு நுங்கம்பாக்கம் மண்டல வானிலை மையத்தின் அறிக்கையில் அது எந்தப் படியில் இருக்கிறது என்பதைவிட, எந்த வேகத்தில் நகர்கிறது, நம் ஊருக்கு எந்தப் பக்கம் கரையேறப் போகிறது என்ற இரண்டு வரிகளை முதலில் தேடிப் படியுங்கள்.